பழைய சுரங்க வாயும் பாசன ஜலமும்

கைவிட்ட சுரங்கத்தின் வாயை அடைத்துவிட்டால் காரியம் தீர்ந்தது என்று எண்ணுவோர் பலர். ஏரியின் கலிங்கை மண்ணிட்டு அடைத்தவன் ஜலத்தை ஜயித்துவிட்டதாக நினைப்பதற்கும் இதற்கும் அதிக பேதமில்லை. கரையின் எந்த இடம் பலவீனம் என்பது உடைந்த பிறகே தெரியவரும். அமெரிக்க தேசத்துக் கொலராடோ மாகாணத்தில் நிகழ்ந்த ஒரு விஷயத்தை நம் மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் சற்றுக் கவனிக்க வேண்டுமென்பது என் அபிப்பிராயம். தேசம் வேறாயினும், கடைமடையில் நிற்கும் குடியானவனுடைய கஷ்டம் வேறன்று.

அம்மாகாணத்தில் ஸில்வர்டன் என்னும் மலையூரைச் சுற்றிப் பொன், வெள்ளி, ஈயம், துத்தநாகம் முதலியவை எடுத்த பழைய சுரங்கங்கள் ஏராளம். அப்பாறைகளில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது நிறைந்துள்ளது. அது மலைக்குள் புதைந்து கிடக்கும் வரையில் பெருந் தீங்கு செய்வதில்லை. குடைவழி தோண்டிக் காற்றும் ஜலமும் புகுந்துவிட்டால் கந்தகத் திராவகம் உண்டாகிறது. அத்திராவகம் துத்தநாகம், காட்மியம், தாமிரம் முதலியவற்றைக் கரைத்துக்கொண்டு ஓடைக்கு வருகிறது. தோண்டியவர்கள் மாண்டு பல தலைமுறை சென்றாலும் இது நிற்பதில்லை.

அங்கே கடைசியாக நடந்த பெருஞ் சுரங்கமான ஸன்னிஸைட் 1991-ல் மூடப்பட்டது. அதன் ஜலம் வடிந்த ‘அமெரிக்கன் டன்னல்’ என்னும் குடைவழி 1996 முதல் கான்கிரீட் அடைப்புகளால் படிப்படியாக அடைக்கப்பட்டது. தாது ஜலத்தில் மூழ்கிவிட்டால் காற்றுப் படாது, திராவகமும் குறையும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அது தவறான நியாயமன்று. ஆனால் மலைக்குள் நீர்மட்டம் உயர்ந்தது. அருகிலிருந்த கோல்ட் கிங் முதலிய சுரங்க வாய்களில் முன்பு சொற்பமாகக் கசிந்த ஜலம் பின்பு பெருகிற்று. இரண்டுக்கும் சம்பந்தமுண்டென்பதைச் சுரங்கக் கம்பெனியார் ஒப்புக்கொள்ளவில்லை. கலிங்கு அடைபட்ட ஏரியைக் கண்ணால் பார்த்தவர்க்கு அதில் அதிக ஆச்சரியம் இராது.

2015 ஆகஸ்டு 5-ந் தேதி, அமெரிக்க சர்க்காரின் சுற்றுச்சூழல் இலாகா அமர்த்திய ஆட்கள் கோல்ட் கிங் வாயில் சரிந்து கிடந்த மண்ணைச் சீர்செய்ய முற்பட்டபோது, உள்ளே தேங்கியிருந்த ஜலம் பீறிட்டு வெளிப்பட்டது. ஏறக்குறைய 30 லக்ஷம் காலன் ஜலம் ஓடையில் இறங்கி, அனிமாஸ் ஆற்றை மஞ்சளும் சிவப்புமாக்கி, ஸான் ஹுவான் ஆற்றிற் சென்று கலந்தது. அவ்வாண்டே அக்டோபரில் வெளிவந்த விசாரணை அறிக்கை, மேலிருந்து துளையிட்டு உள்ளே ஜலத்தின் அழுத்தம் எவ்வளவென்று முன்னதாக அளந்திருந்தால் இந்த அநர்த்தம் நேர்ந்திராது என்று கூறிற்று. வாயில் சிறிது ஜலம் கசிந்ததைக் கண்டு, உள்ளே நிரம்பவில்லை என்று அனுமானித்துவிட்டனர். துளையிடும் செலவை மிச்சப்படுத்திய அந்தச் சிக்கனம் எவ்வளவு விலையுயர்ந்தது!

கீழே ஸான் ஹுவான் ஆற்றுப் பாசனத்தை நம்பியவர்கள் நவஹோ குடியானவர்கள். அவர்களுக்குச் செய்தி மறுநாள்தான் எட்டியது. சோளமும் முலாம்பழமும் குதிரைமசாலும் நின்ற வயல்களுக்கு, கோடையின் நடுவில் வாய்க்கால் மூடப்பட்டது. சில வாரங்களில் ஆற்று ஜலம் பழைய நிலைக்குத் திரும்பியதென்று அதிகாரிகள் அறிவித்தார்கள். ஷிப்ராக் பகுதியினரோ கூடி யோசித்து, வாய்க்காலைத் திறக்க வேண்டாமென்றே தீர்மானித்தார்கள். இதை அறியாமை என்று இகழ்வது முறையன்று. நிறம் தெளிந்தது உண்மையே. வண்டலில் படிந்தது என்ன ஆயிற்று, அடுத்த வெள்ளத்தில் அது கிளம்பாதா என்று அவர்கள் கேட்டார்கள். விவசாயி கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

குடைவழியைச் சீர்செய்வதில் அடைப்பது கடைசி வேலையாயிருக்க வேண்டும் என்பது என் கக்ஷி. முதலில் உள்ளிருக்கும் ஜலத்தை அளக்க வேண்டும். பிறகு அதைக் கொஞ்சங் கொஞ்சமாக வடித்துச் சுத்தி செய்ய வேண்டும். கிளாட்ஸ்டன் என்னுமிடத்தில் 2015 அக்டோபர் முதல் கோல்ட் கிங் ஜலத்திற்குச் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். திராவகத்தின் புளிப்பு முறிந்து, உலோகங்கள் கசடாக அடியில் தங்குகின்றன. ஆனால் அக்கசடு எங்கும் மறைந்து போவதில்லை. அதை நீர் வடித்து, வெள்ளம் எட்டாத மேட்டில் சேமிக்க வேண்டும். ஆண்டுதோறும் அது பெருகும். சுரங்க வாயிலுள்ள கழிவுக் குவியல்களுக்கும் அப்படியே: மேற்புறம் மழைநீரைத் திருப்பும் கால்வாய், மேலே களிமண் போர்வை, அதன்மேல் நல்ல மண்ணும் புல்லும். ஓடைக்கரையில் குவியலை விட்டுவிட்டுக் குடைவழியை மட்டும் அடைப்பது பாதி வேலைகூட அன்று. கோலார் தங்கவயலில் 2001-ல் வேலை நின்ற பிறகும் சயனைட் மேடுகள் நிற்பதை அங்கே உறவினரையுடைய வட ஆர்க்காட்டு ஜனங்கள் நன்கறிவர்.

நெல் பயிரிடுவோர் ஜப்பானின் ஜின்ஸூ ஆற்றுப் பக்கத்தையும் கேட்டறிவது நலம். கமியோகா சுரங்கத்துக் காட்மியம் பாசன ஜலத்தோடு வயலில் ஏறி, அரிசியில் சேர்ந்து, உண்டவர்க்கு எலும்பு நொறுங்கும் நோயை விளைத்தது. 1968-ல்தான் அந்நாட்டு சர்க்கார் காரணத்தை ஒப்புக்கொண்டது. வயல்மண்ணை மாற்றிச் சீராக்கும் வேலை 1979-ல் தொடங்கி 2012 வரை நடந்தது. கதிர் வரும் பருவத்தில் வயலில் ஜலம் நிறுத்தினால் காட்மியம் பயிரில் ஏறுவது குறையும் என்பர். அது மெய்யே, ஆனால் மண்ணில் பாஷாணம் இருந்தால் அதே ஜலத்தால் அது அதிகமாக ஏறும். ஒன்றுக்குச் சொன்ன வைத்தியம் மற்றொன்றுக்கு விஷமாவதால், மண்ணைப் பரீக்ஷிக்காமல் யோசனை சொல்வது அபாயம்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். மேட்டில் சுரங்கமோ கல்குவாரியோ உள்ள கிராமங்களில், ஆற்று ஜலத்தையும் வாய்க்கால் வண்டலையும் கிணற்று ஜலத்தையும் விபத்து நேருமுன்பே எடுத்துப் பரீக்ஷித்து, தேதியுடன் தஸ்தாவேஜில் பதிந்து வைக்க வேண்டும். பழைய நிலைக்குத் திரும்பிற்று என்று யாரேனும் கூறும்போது, பழைய நிலை இன்னதென்று காட்டும் அந்த ஒரு காகிதம் குடியானவன் கையில் இருக்கட்டும்.