வாய்ப்பாடு வேண்டாம் என்பவர்களுக்கு

வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோர் நாலு பேர் கூடினால் ஒரு பேச்சு தவறாமல் வரும்: "புரிஞ்சா போதுங்க, மனப்பாடமெல்லாம் வேண்டாம்." பள்ளிக்கூடத்துப் பிரம்பும் ஒப்பித்தலும் பிடிக்காமல் வெளியே வந்தவர்கள் அவர்கள். அந்த வெறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் பிரம்போடு சேர்த்து வாய்ப்பாட்டையும் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து காசு கொட்டி வரவழைக்கும் கணக்குப் புத்தகங்களைக்கூட, எதில் மனப்பாடம் குறைவு என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறானது. அதற்கு விலை கொடுப்பவர்கள் பிள்ளைகள்.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் நான் கணக்குச் சொல்லிக்கொடுப்பதுண்டு. அவர்களில் ஒருத்திக்குப் பத்து வயது, வீட்டுக்கல்விதான், நல்ல கெட்டிக்காரி. வகுத்தல் என்றால் என்ன என்று கேட்டால் சமமாகப் பங்கிடுவதையும் திரும்பத் திரும்பக் கழிப்பதையும் படம் போட்டே விளக்குவாள். 4368-ஐ 7-ஆல் வகுக்கச் சொன்னேன். 43-க்குள் ஏழு எத்தனை தடவை போகும்? நோட்டின் ஓரத்தில் 7, 14, 21 என்று எழுதிக்கொண்டே போனாள். 35-க்கு அடுத்து 41 என்று எழுதி, அழித்து, விரல்விட்டு எண்ணி 42 ஆக்கினாள். ஆறு தடவை, மீதி 1. அதற்குள் அடுத்த இலக்கத்தை இறக்க வேண்டும் என்பது மறந்துபோயிற்று. எங்கே விட்டோம் என்று மேலும் கீழும் தேடினாள். 16-க்கு மறுபடி ஓரத்தில் 7, 14. பிறகு 28-க்கும் அதே ஏணி. 624 என்ற விடைக்கு வந்து சேர்ந்தபோது முகம் வாடியிருந்தது. "எனக்குக் கணக்கு வராது அத்தை" என்றாள்.

வகுத்தலில் அவளுக்குப் புரியாதது எதுவும் இல்லை. ஆறேழு நாற்பத்திரண்டு என்பதுதான் நாக்கில் இல்லை.

மனிதர் ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்திக்கொள்ளக்கூடியவை மிகக் கொஞ்சம். நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் 2001-இல் அதைச் சுமார் நான்கு என்று கணித்தார். நெடுவகுத்தலின் படிகளே அந்த இடத்தை நிரப்பிவிடும். அதற்கு நடுவில் ஏழு ஏழாக எண்ணவும் வேண்டுமென்றால் ஏதாவது ஒன்று நழுவித்தான் தீரும். எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு வரி முடியும்போது வரியின் தொடக்கம் மறந்துபோகிறதே, அதே கதைதான். பின்னம் வரும்போது நிலைமை இன்னும் மோசம். 42/56 என்பதைப் பார்த்ததும் இரண்டுமே ஏழாம் வாய்ப்பாட்டில் வருகிறவை என்று கண்ணில் பட வேண்டும். வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை அதை 6/8 ஆக்கி, 3/4 என்று முடித்துவிடுகிறது. தெரியாத பிள்ளைக்கு அவை இரண்டு அந்நிய எண்கள். புரிதல், புரிதல் என்று எதற்காக ஏங்குகிறோமோ அதுவே இப்படிக் கைநழுவிப் போகிறது.

"சிங்கப்பூரைப் பாருங்கள், படம் போட்டே கற்றுக்கொடுக்கிறார்கள்" என்பார்கள். நன்றாகவே பார்ப்போம். பொருள், பிறகு படம், பிறகு எண் என்ற அவர்களுடைய வரிசை அருமையானது. ஆனால் அதே சிங்கப்பூர்ப் பாடத்திட்டத்தில் தொடக்கநிலை இரண்டிலேயே 2, 3, 4, 5, 10 வாய்ப்பாடுகளும், மூன்றில் 6, 7, 8, 9 வாய்ப்பாடுகளும் வந்துவிடுகின்றன. அமெரிக்காவின் காமன் கோர் திட்டமும், மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஓரிலக்கப் பெருக்கல் அத்தனையும் நினைவிலிருந்து வர வேண்டும் என்கிறது. இங்கிலாந்தில் 2022 முதல் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு 12 வரைக்குமான வாய்ப்பாட்டில் 25 கேள்விகள் கொண்ட தேர்வு கட்டாயம், ஒவ்வொன்றுக்கும் ஆறு விநாடி. நம் பெற்றோர் எந்த நாடுகளைக் காட்டி வாய்ப்பாட்டை ஒதுக்குகிறார்களோ, அந்த நாடுகள் அதைக் கைவிடவில்லை.

நம் ஊர் நிலவரம் என்ன? பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் அசர் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 30.7 சதவீதம் பேருக்குத்தான் வகுத்தல் கணக்கு வருகிறது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் வசதியும் நேரமும் இருக்கிற வீட்டில், விரும்பித் தேர்ந்த ஒரு கொள்கையின் பேரில் பிள்ளை அந்த மீதிக் கூட்டத்தில் போய் நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எதிர்த்தரப்பில் கனமான வாதம் ஒன்று இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜோ போலர் போன்றவர்கள், கடிகாரம் வைத்து நடத்தும் தேர்வுகள் பிள்ளைகளிடம் கணக்குப் பயத்தை உண்டாக்குகின்றன என்கிறார்கள். அந்தப் பயத்தை நானும் பார்த்திருக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளையை நாலு பேர் முன்னால் நிற்கவைத்து அவமானப்படுத்துவதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அது கேட்கும் முறையின் குற்றம். கேட்கப்படும் விஷயத்தின்மேல் அந்தப் பழியைப் போடக்கூடாது. அந்தப் பத்து வயதுப் பெண்ணைக் கடிகாரம் எதுவும் துரத்தவில்லை. வாய்ப்பாடு தெரியாததே அவளைப் பயமுறுத்தியது.

மனப்பாடம் என்றதும் "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு" என்று ராகம் போட்டு ஒப்பிப்பதோடு நிறுத்திவிடுவதையும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அப்படிப் படித்த பிள்ளையிடம் "எட்டேழு?" என்று குறுக்கே கேட்டால், ஓரேழிலிருந்து மறுபடி ஓட்டிக்கொண்டு வரும். அது பாதிக் கிணறு. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பதே நாள்பட நிற்கிறது என்று கண்டார்கள். வரிசை கலைத்துக் கேளுங்கள், ஒரு வாரம் விட்டு மறுபடி கேளுங்கள்.

இது ஒன்றும் மலையைப் புரட்டும் வேலையில்லை. ஒன்று முதல் ஒன்பது வரைக்கும் பெருக்கல்கள் 81. ஏழெட்டும் எட்டேழும் ஒன்றே என்று பிள்ளைக்குப் புரிந்துவிட்டால் 45. ஒன்று, இரண்டு, ஐந்து வாய்ப்பாடுகள் தாமாகவே வந்துவிடும். அவற்றைக் கழித்தால் 21. ஒன்பதாம் வாய்ப்பாட்டைப் பத்து மடங்கிலிருந்து ஒரு மடங்கைக் குறைத்துப் பிடித்துவிடலாம். மிச்சம் 15. இந்தப் பதினைந்துக்கு அஞ்சியா ஒரு குழந்தையின் ஐந்து வருடக் கணக்கைப் பணயம் வைக்கிறோம்? கவனியுங்கள், 81-ஐ 15 ஆக்கியது புரிதல்தான். அந்தப் பதினைந்தைக் கெட்டியாக்குவது மனப்பாடம். இரண்டையும் சண்டைக்கு நிறுத்தியவர்கள் பெரியவர்கள்.

வாய்ப்பாட்டுக்கும் முன்னால் கூட்டல் இருக்கிறது. அதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. எட்டும் ஏழும் எத்தனை என்பதற்கு விரலை நீட்டும் பிள்ளைக்குப் பெருக்கல் சொல்லித்தருவது அவசரம். எட்டுக்கு இரண்டு சேர்த்தால் பத்து, ஏழில் மீதி ஐந்து, ஆகப் பதினைந்து என்ற வழி முதலில் பழக வேண்டும். பழகப் பழக அந்த வழியும் மறைந்து விடை மட்டும் நிற்கும்.

இனிப் புத்தகத்துக்கு வருவோம். வெளிநாட்டுப் புத்தகங்களில் சாக்ஸன் அழகில்லாதது, வண்ணம் குறைவு. ஆனால் ஒவ்வொரு பாடத்திலும் பழைய பாடத்துக் கணக்குகள் திரும்ப வருகின்றன. சிறு பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள் என்பதும் உண்மை. மேத்-யூ-ஸீ கட்டைகளை வைத்துச் சொல்லித்தருகிறது; அதில் காமா என்ற நிலை முழுக்கப் பெருக்கலிலேயே நிற்கிறது. திணறும் பிள்ளைக்கு அது நல்லது. என் விருப்பம் சிங்கப்பூரின் பிரைமரி மேத்தமேட்டிக்ஸ்தான். ஆனால் அந்தப் புத்தகத்தை மட்டும் நம்பினால் வாய்ப்பாட்டுப் பயிற்சி போதாது. தனியாக நாம் சேர்த்தாக வேண்டும்.

எதை வாங்குவதாக இருந்தாலும் அட்டையையும் விளம்பரத்தையும் விட்டுவிட்டு, மூன்றாம் நிலைப் புத்தகத்தை நடுவில் திறந்து பாருங்கள். ஆறு வாரம் முன்னால் சொல்லித்தந்த வாய்ப்பாடு அங்கே மறுபடி வருகிறதா? வரிசை மாறி வருகிறதா? வராவிட்டாலும் பிடித்திருந்தால் வாங்குங்கள்; அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பள்ளியில் ஆசிரியர் விட்டதை டியூஷனில் பிடித்துக்கொள்ளலாம். வீட்டுக்கல்வியில் அந்தப் பிள்ளைக்கு வேறு ஆள் கிடையாது. தினமும் பத்து நிமிடம், காய் நறுக்கும்போதோ பஸ்ஸில் போகும்போதோ, அதட்டாமல், சிரித்துக்கொண்டே கேளுங்கள்.