தேர்க்காலும் மகிழமரமும்

திருவிழா மேடைகளில் தலைமுறை தலைமுறையாக நடிக்கப்பட்டு வரும் கதைகளுள் மனுநீதிச் சோழன் வரலாறும் ஒன்று. பசு ஆராய்ச்சி மணியை அசைக்கும் காட்சியில் அவை உருகும். ஆயினும் நாடகத்தின் உயிர்நிலை, அதன்பின் அரசன் அமைச்சர்க்கு விடை கூறும் இடமேயாகும்.

பெரியபுராணத்தின் திருநகரச் சிறப்பில் சேக்கிழார் இதனை விரித்துரைக்கிறார். கன்று தானே துள்ளி வந்து தேர்க்காலில் அகப்பட்டது. இளவரசன் வேண்டுமென்று கொன்றானல்லன். ஆதலின், நூல்கள் விதித்த கழுவாய் செய்தால் போதும் என்றனர் அமைச்சர். பிறன் ஒருவன் உயிர்க்கொலை செய்தால் அவனுக்கு மரணதண்டனை, தன் மகன் செய்தால் கழுவாயோ என்று வினவினான் மன்னன். மகனைத் தேர்க்காலில் இட ஏவப்பட்ட அமைச்சன் அது செய்ய மனமின்றித் தன்னுயிரை விட்டான். தந்தையே தேரைச் செலுத்தினான். அப்போது ஆரூர்ப் பெருமான் காட்சியளிக்க, கன்றும் மைந்தனும் அமைச்சனும் உயிர்பெற்று எழுந்தனர்.

அச்சோழனுக்குச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலை உண்டு. அங்கிருந்து துறைமுகத்தையும் இராயபுரத்தையும் கடந்து வடக்கே சென்றால் திருவொற்றியூர். ஆரூர்த் தியாகேசர் அங்கும் எழுந்தருளியிருக்கிறார். அங்கே நீதி வழங்கியவர் இறைவனே.

சங்கிலியாரை மணக்க விழைந்த சுந்தரர், பிரியேன் என்று சந்நிதியில் சூளுறவு செய்ய இசைந்தார். அவ்வேளையில் மகிழமரத்தடியில் சென்றிருக்குமாறு இறைவனை முன்னரே வேண்டிக்கொண்டார். தோழரின் வேண்டுகோளுக்கு இசைந்த பெருமான், சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழின் கீழேயே சபதம் பெறுக என்றும் உணர்த்திவிட்டார். பின்னர் ஆரூர் வசந்தவிழாவை நினைந்து சுந்தரர் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். இரு கண்களும் ஒளியிழந்தன. தம்பிரான் தோழர் என்பதற்காகத் தண்டனை தளரவில்லை.

எனினும் தண்டித்தவர் கைவிடவில்லை. வெண்பாக்கத்தில் ஊன்றுகோல் தந்தார். காஞ்சியில் இடக்கண்ணையும், ஆரூரில் வலக்கண்ணையும் அருளினார். இழந்த மைந்தனைச் சோழன் மீளப்பெற்ற ஆரூரிலேயே சுந்தரரின் பார்வையும் நிறைவுற்றது.

மாசிப் பெருவிழாவில் ஒற்றியூரில் மகிழடி சேவை நடைபெறும். அதனைத் தரிசிக்கும் பெரியோர் தம் இல்லத்தையும் எண்ணிப் பார்க்கலாம். மகனுக்கும் மருமகளுக்கும் இடையே வழக்கு வருகையில் வீட்டின் முதியவரே நீதிபதி. பெற்ற பாசம் அங்கே கழுவாய் தேடும். பேச இயலாத பசுவின் பக்கமும், வேற்று மனையிலிருந்து வந்த பெண்ணின் பக்கமும் நிற்பதே தந்தைமைக்கு அழகு. தவறியவனுக்கு ஊன்றுகோல் ஈவதும் அத்தந்தைமையே.