எழுவாய் எங்கே?

எங்கள் அம்பத்தூரில் ஆடி அமாவாசையன்று காக்கைகளுக்கு ஏகக் கிராக்கி. மாடிக்கு மாடி 'கா, கா' என்று கூப்பிட்டால் அவைதாம் எந்த வீட்டுக்கென்று போகும்! பக்கத்துப் போர்ஷனில் குடியிருக்கும் அம்மாளும் அன்று இலையில் சோறும் எள்ளும் எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். இலங்கையில் வன்னிப் பக்கத்தவர். மகள் வீட்டோடு இருக்கிறார். மருமகனுக்குத் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை.

காலமான கணவருக்கென்று ஒரு பிடி வைத்தார். "மகன் வைக்க வேண்டியது. அவன் இஞ்ச இல்லாதபடியால் நான் வைக்கிறன்" என்றார்.

என் மனைவி, நல்லெண்ணத்தில்தான், "பிள்ளைக்கும் சேர்த்து ஒரு பிடி வைத்துவிடக் கூடாதா, அம்மா? அவன் ஆத்மா சாந்தியடையுமே" என்றாள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "வைச்சால், அவன் செத்துப்போனான் எண்டு நானே சொன்ன மாதிரி ஆகிவிடும், பிள்ளை. சொல்ல வேண்டிய ஆக்கள் சொல்லட்டும்" என்றார், கீழே இறங்கிப் போய்விட்டார்.

அவருடைய மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. புலிகள் அவனைக் கட்டாயமாகப் படையில் சேர்த்துச் சில மாதங்கள்தாம் ஆகியிருந்தன. 2009 மே 18-ல் முள்ளிவாய்க்காலை விட்டு வெளியேறிய கூட்டத்தோடு தாயும் மகனும் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தார்கள். இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் பெயர் கொடுக்க வேண்டும், விசாரித்து அனுப்பிவிடுவோம் என்று ராணுவத்தார் ஒலிபெருக்கியில் சொன்னார்களாம். "பிடிச்சுக்கொண்டு போகேல்லைத் தம்பி. நான்தான் கையைப் பிடிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தனான்" என்று அந்த அம்மாள் என்னிடம் சொன்னார். பஸ்ஸில் ஏற்றினார்கள், அவ்வளவுதான். பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன.

நம் பத்திரிகைகள் இத்தகையவர்களைக் 'காணாமல் போனவர்கள்' என்று எழுதுகின்றன. நான் சட்டம் படித்தவனல்லன். கதை எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் ஒரு வினைச்சொல் பொய் சொன்னால் எனக்குத் தெரியும். திருவிழாக் கூட்டத்தில் குழந்தை காணாமல் போகும். குளத்தங்கரையில் மோதிரம் காணாமல் போகும். பெற்ற தாய் பட்டப்பகலில் சீருடை அணிந்தவர்களின் கையில் ஒப்படைத்த பிள்ளை எப்படி ஐயா காணாமல் 'போவான்'? ஈழத்துத் தாய்மார் இலக்கணம் நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்கிறார்கள். ஆக்கப்பட்டார் என்றால் ஆக்கியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். அந்த எழுவாய் எங்கே என்பதுதான் அவர்கள் கேள்வி.

அந்தக் கேள்வியோடு கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பிப்ரவரியில் தாய்மார் தெருவோரப் பந்தலில் உட்கார்ந்தார்கள். பதில் கிடைக்காமலே அவர்களில் பலர் கண்ணை மூடிவிட்டார்கள். சர்க்கார் என்ன செய்தது? 2016-ல் காணாமற்போனோர் அலுவலகத்துக்குச் சட்டம் செய்தது. ஜனாதிபதியாயிருந்த கோத்தபய ராஜபக்ச 2020 ஜனவரியில், காணாமற்போனவர்கள் இறந்துவிட்டார்கள், மரணச் சான்றிதழ் தரலாம் என்றார். எப்போது, எங்கே, யார் கையால் இறந்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. 2022-ல் குடும்பத்துக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய் என்று ஏற்பாடாயிற்று. தாய்மார் வேண்டாம் என்றார்கள். பிள்ளையைக் கேட்டவளிடம் பில்லை நீட்டினால் எந்தத் தாய் வாங்குவாள்?

"பழைய கதை, கிளறாதீர்கள்" என்கிறார் என் நண்பர் ஒருவர். நாம் கிளறாவிட்டாலும் மண் கிளறிக்கொண்டு வருகிறதே! பள்ளி மாணவி கிருஷாந்தி 1996-ல் கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்ற ராணுவச் சிப்பாய் ஒருவர், யாழ்ப்பாணத்துச் செம்மணியில் 300 முதல் 400 உடல்கள் வரை புதைக்கப்பட்டிருப்பதாக 1998-ல் நீதிமன்றத்தில் சொன்னார். 1999-ல் தோண்டியபோது 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன, அத்தோடு மூடிவிட்டார்கள். 2025-ல் அதே செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடை கட்டப்போன இடத்தில் மறுபடியும் எலும்புகள் வெளிப்பட்டன. அந்த ஆண்டு மட்டும் 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். குழந்தைகளுடையவையும் இருந்தன. ஒரு பள்ளிக்கூடப் பையும் பொம்மையும்கூட வந்தன.

"புலிகள் மட்டும் யோக்கியமா?" என்பது அடுத்த கேள்வி. இல்லை. சிறுவர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள்; தமக்கு ஒவ்வாத தமிழர்களையும் இல்லாமல் ஆக்கினார்கள். அந்த அம்மாளின் மகன் இரண்டு தரப்புக்கும் பலியானவன். ஆனால் ஒருவன் செய்த பாவம் இன்னொருவனுக்கு ரசீது ஆகாது. இது தமிழர் துயரம் மட்டுமும் அன்று. 1987-லிருந்து 1989 வரை நடந்த ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது தென்னிலங்கையில் ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் இப்படித்தான் மறைந்தார்கள். பத்திரிகையாளர் பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24-ல் காணாமல் ஆக்கப்பட்டார். அவருடைய மனைவி சந்தியா அன்று தொடங்கிக் கோர்ட்டுப் படி ஏறியவர். தாயின் கண்ணீரைச் சிங்களக் கண்ணீர், தமிழ்க் கண்ணீர் என்று எந்த ரசாயனசாலையில் பிரிப்பீர்கள்?

"அந்நிய நாட்டு விவகாரம்" என்று மூன்றாவதாக ஒருவர் வருவார். அவருக்கு நம் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். நெருக்கடி நிலையின்போது, 1976 மார்ச் 1-ல், கள்ளிக்கோட்டை என்ஜினீயரிங் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் கொண்டுபோயிற்று. தந்தை ஈச்சர வாரியர் 1977-ல் ஆட்கொணர்வு மனுப் போட்டார். அந்த வழக்கில் முதல் மந்திரி கருணாகரனின் பதவியே போயிற்று. பிள்ளையின் உடல் மட்டும் கிடைக்கவில்லை. பஞ்சாபில் ரகசியமாக எரிக்கப்பட்ட பிணங்களைக் கணக்கெடுத்த ஜஸ்வந்த் சிங் கால்ரா, 1995 செப்டம்பரில் தாமே காணாமல் ஆக்கப்பட்டார். இவ்வளவுக்குப் பிறகும் நம் சட்டப் புத்தகத்தில் இதற்கென்று தனிக் குற்றப் பிரிவு கிடையாது.

இதற்காகவே உலக நாடுகள் 2006-ல் ஓர் ஒப்பந்தம் செய்தன. 2010-ல் அது நடைமுறைக்கு வந்தது. யுத்தம், நெருக்கடி என்று எந்தச் சாக்கும் செல்லாது என்கிறது அது. இந்தக் குற்றத்தைச் செய்தவன் எந்த நாட்டுக்குள் வந்தாலும், அந்த நாடு அவனை விசாரிக்க வேண்டும், அல்லது விசாரிக்கிறவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். உண்மையை அறிவது குடும்பத்தாரின் உரிமை என்றும் சொல்கிறது. இலங்கை 2016-ல் இதை ஏற்று உறுதி செய்தது. 2018-ல் சட்டமும் இயற்றியது. பாரத தேசமோ 2007-ல் கையெழுத்திட்டதோடு சரி. இன்னும் உறுதி செய்யவில்லை. ஜெனீவாவில், இலங்கை பற்றிய சாட்சியங்களைத் திரட்டிக் காக்க வேண்டும் என்ற தீர்மானம் 2021 மார்ச்சில் வந்தபோது நம் பிரதிநிதி நடுநிலை வகித்தார். புதைத்தவனுக்கும் தோண்டுகிறவளுக்கும் இடையில் என்ன ஐயா நடுநிலை?

வெளியார் தலையிட்டு என்ன ஆகும் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி நடந்தபோது, 1977 ஏப்ரல் 30-ல் சில தாய்மார் தலைநகரின் மேயோ சதுக்கத்தில் கூடி நடக்கத் தொடங்கினார்கள். பைத்தியக்காரிகள் என்று ஏசினார்கள். உலகம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. 1985-ல் ராணுவத் தளபதிகளே கூண்டில் ஏறினார்கள். களவாடப்பட்ட பேரக் குழந்தைகளில் 130-க்கும் மேற்பட்டவர்கள் அடையாளம் காணப்பட்டுவிட்டார்கள்.

ஆகவே நான் கேட்பது மூன்று. இந்தியா ஒப்பந்தத்தை உறுதி செய்து, இதைத் தனிக் குற்றமாக்க வேண்டும். ஜெனீவாவில் கை தூக்க வேண்டும். செம்மணி போன்ற இடங்களில் ஒவ்வோர் எலும்பும் சர்வதேச நிபுணர்கள் முன்னிலையில் எடுக்கப்பட்டு, மரபணுச் சோதனை செய்யப்பட வேண்டும். இந்தச் செலவில் பங்கேற்க நம் தேசத்துக்கு வக்கில்லையா என்ன?

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈழம் என்றதும் மேடையில் நமக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. ஆனால் இதே பூந்தமல்லியில், 'சிறப்பு முகாம்' என்ற பெயரில் ஈழத்தவர்களை நாம் பூட்டி வைத்ததும் உண்டு. மேடைக் கண்ணீரை இனி விண்ணப்பமாக்குவோம். வோட்டுக் கேட்டு வரும் நம் எம்.பி.யிடம், ஒப்பந்தம் என்ன ஆயிற்று என்று வாசலில் நிறுத்திக் கேட்போம்.

அடுத்த ஆடி அமாவாசைக்கும் அந்த அம்மாள் ஒரு பிடிதான் வைப்பார். இரண்டாவது பிடி வைப்பதா, வேண்டாமா என்பதை அவருக்குச் சொல்லும் கடமை ஒரு சர்க்காருக்கு இருக்கிறது. அதைச் சொல்லவைக்கும் கடமை உலகத்துக்கு இருக்கிறது. அந்த உலகத்தில் அம்பத்தூரும் சேர்த்திதான்.