சர்வரில் கை வைக்காதீர்கள்!

"கம்ப்யூட்டர் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. கிட், கண்டெய்னர், கிளஸ்டர் எல்லாம் நமக்கு எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். உடனே தேவைப்படாதுதான். ஆனால் அவற்றுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கு நம் எல்லோருக்கும் தேவை என்பது என் கருத்து.

எங்கள் பவானியில் ஜமக்காளம் விற்கும் ஒரு கடைக்கு வெப்சைட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அமைத்துக் கொடுத்த தம்பி, ஒவ்வொரு முறையும் நேராக சர்வருக்குள் போய் மாற்றங்கள் செய்கிறார். எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். அவர் வேலை கிடைத்து பெங்களூர் போய்விட்டால்? தீபாவளி ஆர்டர் நேரத்தில் சைட் படுத்துவிட்டால், கடைக்காரர் யாரைக் கேட்பார்?

இந்தச் சிக்கலுக்குப் பெரிய நிறுவனங்கள் கண்ட வழிதான் கிட்ஆப்ஸ். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய கிட், எந்த வரியை யார், எப்போது மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கும். கண்டெய்னர் என்பது புரோகிராமையும் அதற்குத் தேவையான ஃபைல்களையும் ஒரே பெட்டியில் கட்டி வைப்பது. பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்த கிளஸ்டரில் இந்தப் பெட்டிகளை ஓட்டிப் பராமரிப்பது, கூகுள் 2014-ல் வெளியிட்ட குபர்நெட்டிஸ்.

"இந்த வெர்ஷன், மூன்று பிரதிகள் ஓட வேண்டும்" என்று டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி கிட்டில் சேர்த்தால் போதும். கிளஸ்டருக்குள் இருக்கும் ஃப்ளக்ஸ் அல்லது ஆர்கோ சிடி அந்த ஃபைலை அவ்வப்போது பார்த்து, நடப்பதை அதற்கு ஏற்ப மாற்றிவிடும். புதிய வெர்ஷன் சரியில்லையா? கிட்டில் பழைய நிலைக்குத் திரும்புங்கள். கிளஸ்டரும் திரும்பிவிடும்.

கிட்ஆப்ஸ் என்ற பெயரை 2017-ல் வைத்தது வீவ்வொர்க்ஸ் என்ற கம்பெனி. 'வீவ்' என்றால் நெசவு. தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். அந்தக் கம்பெனி 2024-ல் மூடப்பட்டது. ஆனால் அது உருவாக்கிய ஃப்ளக்ஸ், ஓப்பன் சோர்ஸ் என்பதால் இன்றும் நடக்கிறது. ஆள் போனாலும் கம்பெனி போனாலும், எழுதி வைத்தது நிற்கும்.

எச்சரிக்கையும் வேண்டும். தவறாக எழுதினால் தவறும் தானாகவே போய்ச் சேரும். எனவே இன்னொருவர் பார்த்த பிறகே மாற்றத்தைச் சேர்க்க வேண்டும். பாஸ்வேர்டை அப்படியே கிட்டில் எழுதவே கூடாது. மேலும், ஒரு சிறு கடைக்கு குபர்நெட்டிஸ் என்பது யானையைக் கட்டித் தீனி போடும் கதை. அங்கே கிட் மட்டுமே போதும்.

கற்றுப் பார்க்க விரும்புகிறவர்கள் மினிக்யூப் என்ற இலவச மென்பொருள் மூலம் வீட்டிலேயே சிறிய கிளஸ்டர் அமைக்கலாம். 2 ஜிபி மெமரியும் 20 ஜிபி டிஸ்க் இடமும் காலியாக இருக்க வேண்டும். டாக்கர் போன்ற ஒரு மென்பொருளும் தேவை. ஆனால் முதலில் கிட்டை இன்ஸ்டால் செய்து, உங்கள் ஃபைல் ஒன்றை அதில் சேர்த்துப் பழகுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.