இறங்கிப் போகச் சொல்லும் சாலைகள்

2013இல் கொல்கத்தா காவல்துறை 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை விதித்தது. சைக்கிளால் போக்குவரத்தின் வேகம் குறைகிறதாம். பால்காரர்களும் பேப்பர் போடுகிறவர்களும் எதிர்த்துப் போராடிய பிறகு பட்டியல் 62 சாலைகளாகச் சுருங்கியது, தடை போகவில்லை.

தஞ்சைக் கிராமத்துச் சேரியில் பிறந்த எனக்கு இது வெறும் போக்குவரத்துச் செய்தி அல்ல. ஊர்த்தெரு வந்ததும் என் தாத்தா சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார். 2001-02இல் பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. அப்படி வந்த சைக்கிளில்தான் அக்கா அதே தெருவில் மணியடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

தஞ்சை மாநகராட்சி இனி எந்தச் சாலையை அகலப்படுத்தினாலும், விடிகாலையில் சைக்கிள் மிதித்து வரும் தூய்மைப் பணியாளர்களையும் கொத்தனார், சித்தாள்களையும் கேட்டுவிட்டு வரைபடம் போடட்டும்.