போகும் வழி ஒன்று, திரும்பும் வழி வேறு

சென்ற வாரம் மாணவி ஒருத்தியின் தந்தை நம்மிடம் வந்து, "நாளை முதல் பிள்ளையை அனுப்பவில்லை, ஹஜ்ரத்" என்றார். மதரஸா விடும் நேரத்தில் தெருமுனையில் ஒருவன் வண்டியை நிறுத்திக் காத்திருக்கிறானாம். பத்து நாட்களாக இதே நிலை. அவனுக்கு அவளுடைய பெயர்கூடத் தெரியாது. ஐந்தரை மணிக்கு அம்முனையை அவள் கடப்பாள் என்பது மட்டும் தெரியும்.

கள்ளக்குறிச்சி போன்ற ஊரில் ஒவ்வொரு வீட்டின் நடமாட்டமும் தெருவுக்கே மனப்பாடம். ரமளானில் குடும்பத்தோடு தராவீஹுக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு வீட்டைப் பூட்டுகிறோம் என்பதைத் திருட நினைப்பவன் இரண்டே இரவுகளில் அறிந்துகொள்வான்.

பெருநாளன்று நபி (ஸல்) அவர்கள் ஒரு வழியாகச் சென்று வேறு வழியாகத் திரும்புவார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. அதற்கு அறிஞர்கள் கூறிய இருபதுக்கும் மேற்பட்ட காரணங்களை இப்னு ஹஜர் (ரஹ்) தொகுத்துள்ளார்கள். எதிரிகளின் சதியைத் தவிர்ப்பது அவற்றுள் ஒன்று. நாமோ இதைப் பெருநாளோடு நிறுத்திக்கொண்டோம்.

ஹிஜ்ரி 40இல் கவாரிஜ்கள் மூவர், அலீ (ரலி), முஆவியா (ரலி), அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) ஆகிய மூவரையும் ஒரே நாளில் கொல்லத் திட்டமிட்டதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவர்கள் தேர்ந்தெடுத்த வேளை ஃபஜ்ர். அவ்வேளையில் மூவரும் எங்கிருப்பார்கள் என்பதைத் தேடி அறிய வேண்டியதில்லை அல்லவா? அலீ (ரலி) ஷஹீதானார்கள். முஆவியா (ரலி) காயத்தோடு தப்பினார்கள். எகிப்தில் அம்ர் (ரலி) உடல்நலமின்றி அன்று தொழவைக்க வரவில்லை. அவருக்குப் பதிலாக நின்ற காரிஜா கொல்லப்பட்டார்.

"விதியை வெல்ல முடியுமா?" என்று நம்மில் சிலர் கேட்பார்கள். யஃகூப் (அலை) தம் மைந்தர்களிடம் ஒரே வாயில் வழியாக நுழையாதீர்கள், வெவ்வேறு வாயில்கள் வழியாக நுழையுங்கள் என்றார்கள். தீர்ப்பு அல்லாஹ்விடமே என்பதையும் அப்போதே கூறினார்கள். இரண்டும் ஒரே நாவிலிருந்து வந்தவை.

எனவே அந்தத் தந்தையிடம், வழியை மாற்றுங்கள், ஓதுவதை நிறுத்தாதீர்கள் என்றோம். ஒருநாள் பின்தெரு வழியாகத் தாயோடு, மறுநாள் தோழியரோடு கடைத்தெரு வழியாக. மணியடித்தாற்போல் ஐந்தரைக்கே விடுவது நம் தவறும்தான். இனி முன்பின்னாக விடுவோம். குற்றம் காத்திருப்பவனுடையது, அதற்காகப் பிள்ளையின் கல்வியைப் பறிப்பது எந்த நியாயம்? பெண்ணைப் பின்தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. 'பெயர் கெட்டுவிடும்' என்று அவர் தயங்கினார். புகார் மனுவை நாமே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறோம்.

அருகிலிருந்த வியாபாரச் சகோதரர், "வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் இறங்க எனக்கு இருப்பது ஒரே சாலை. நான் எதை மாற்றுவது?" என்றார். நியாயமான கேள்வி. கல்வராயன் மலையில் சாலையை மாற்ற முடியாது. புறப்படும் நேரத்தை மாற்றலாம். வசூல் பணம் முழுவதையும் ஒரே நாளில், ஒரே பையில், தனியாளாக இறக்காமல் இருக்கலாம். அவர் வாரந்தோறும் ஒரே கிழமையில், மஃரிபுக்குச் சற்று முன் இறங்குகிறாராம். கிழமையைக்கூட நம்மிடம் தயங்காமல் சொல்லிவிட்டார்!