பிள்ளையின் கையில் சீட்டுப் புத்தகமா?

பாடசாலை விட்டு வரும் பிள்ளையின் கையில் பாடப் புத்தகம் இருக்க வேண்டும். ஆனால் நமது நாட்டின் பல பாடசாலைகளில் இன்னொரு புத்தகமும் பிள்ளையின் கையில் திணிக்கப்படுகிறது. அதுதான் அதிர்ஷ்டலாபச் சீட்டுப் புத்தகம்.

கூரை ஒழுகுகிறது, மலசலகூடம் போதவில்லை, தண்ணீர்த் தாங்கி வெடித்துவிட்டது. அபிவிருத்திச் சங்கம் கூடுகிறது. சீட்டிழுப்பு நடத்துவதென்று தீர்மானமாகிறது. முதற்பரிசு தையல் இயந்திரம், இரண்டாம் பரிசு சைக்கிள். பிள்ளைக்குப் பத்துச் சீட்டு. சீட்டொன்று நூறு ரூபா. விற்றுக் காசைக் கொண்டுவர வேண்டும்.

யாரிடம் விற்பது? மலைநாட்டுத் தோட்டமொன்றை எடுத்துக்கொள்வோம். லயத்தில் இந்தக் காம்பராப் பிள்ளையின் கையிலும் சீட்டுப் புத்தகம், அடுத்த காம்பராப் பிள்ளையின் கையிலும் அதே சீட்டுப் புத்தகம்! கடைசியில், கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த தாயே பத்துச் சீட்டையும் வாங்குகிறாள். இல்லாவிட்டால் பிள்ளை பாடசாலைக்குப் போக மறுக்கிறது. விற்காதவர்களின் பெயர் காலைக் கூட்டத்தில் வாசிக்கப்படுமே என்ற பயம்!

ஆயிரம் ரூபா நாட்கூலி கேட்டுத் தோட்டத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் வந்தது. அந்தக் கூலியின்படி ஒரு சீட்டுப் புத்தகம் ஒரு தாயின் முழுநாள் உழைப்பு. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 வீதமாக ஏறியபோது அந்தக் கூலியின் பெறுமதி என்னவாயிற்று என்பதைத் தொழிலாளர் குடும்பங்கள் மறக்கவில்லை. பிறகு கூலியின் தொகை கூடியது. ஆனால் பத்துச் சீட்டின் பாரம் அந்த வீட்டுக்கு இன்றும் பாரந்தான்.

ஆசிரியர்களை நாம் குறை கூறவில்லை. விற்காத சீட்டைத் தமது சம்பளத்தில் வாங்கி அடிக்கட்டையைப் பூர்த்தி செய்யும் ஆசிரியர்கள் எத்தனையோ பேர். நாம் கேட்பது வேறு. கூரை போடும் கடமை யாருடையது?

1945 ஒக்டோபரில் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கல்வி மந்திரி கன்னங்கராவும் முற்போக்கான பலரும் பலமான எதிர்ப்புக்கு நடுவே அதைக் கொண்டுவந்தார்கள். 1980 முதல் பாடநூல், 1993 முதல் சீருடைத் துணி இலவசமாயின. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களின் பிற்பகுதியில்தான். முப்பது ஆண்டுகள் பிந்தி ஏற்றுக்கொண்ட பொறுப்பை, சீட்டுப் புத்தகத்தின் மூலம் மீண்டும் தொழிலாளியின் தலையிலேயே ஏற்றுவதா?

2015-இல் இஞ்சியோன் நகரில் கூடிய உலக நாடுகள், தேசிய உற்பத்தியில் 4 முதல் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டுமென்று கூறின. அதற்கு மூன்று ஆண்டு முன்னதாகவே, 2012-இல், நமது பல்கலைக்கழக ஆசிரியர்கள் 6 வீதம் கோரி ஏறத்தாழ நூறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நமது அரசாங்கங்களோ நெடுங்காலமாக 2 வீதத்தைச் சுற்றியே நின்றன. கூரையின் ஓட்டைக்கு மூலகாரணம் இங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் சீட்டிழுப்பே கூடாதென்கிறோமா? இல்லை. மழை வரவு செலவுத் திட்டத்துக்காகக் காத்திருக்காது. பெற்றோர் கூடித் தீர்மானித்தால் நடத்தட்டும். ஆனால் தொழிற்சங்கம் சந்தா சேர்ப்பது போல, ஒழுங்காகவும் பகிரங்கமாகவும் நடத்தட்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நூறு ரூபாச் சீட்டு ஆயிரம் அச்சடிக்கிறோம். பரிசுக்கும் அச்சுக்கூலிக்கும் 40,000 ரூபா செலவென்று வைத்துக்கொள்வோம். எல்லாம் விற்றால் மிச்சம் 60,000. பாதிதான் விற்றால் மிச்சம் 10,000. பரிசைக் கடனுக்கு வாங்கிவிட்டுச் சீட்டு விற்கப் புறப்படுவதால்தான் சங்கத்துக்கு நடுக்கம் பிடிக்கிறது. அந்த நடுக்கமே பிள்ளையின் மீது நெருக்குதலாக வந்து விழுகிறது. ஆகவே பரிசுப் பொருள்களைக் கடைக்காரர்களிடமும் பழைய மாணவர்களிடமும் நன்கொடையாகப் பெற்ற பிறகே அச்சகத்துக்குப் போக வேண்டும். கொடுத்தவருக்கு மேடையில் நன்றி சொல்லலாம். பாடசாலைச் சுவரையே எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, சீட்டை விற்க வேண்டியவர்கள் பெரியவர்கள். சம்மதித்த பெற்றோர், பழைய மாணவர், நகரத்தில் வேலை செய்யும் ஊரவர் ஆகியோரிடம் புத்தகத்தைக் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். லயத்துக்குள் சுற்றும் காசு லயத்தின் காசுதான். சீட்டு கடைவீதிக்கும் கந்தோர்களுக்கும் போக வேண்டும். எத்தனை பேர் விற்க முன்வருகிறார்களோ அத்தனை புத்தகமே அச்சடிக்க வேண்டும். பிள்ளைக்கு இத்தனை என்று பங்கு வைப்பதும், விற்காத பிள்ளையின் பெயரை வாசிப்பதும் அடியோடு ஒழிய வேண்டும்.

மூன்றாவது, விற்காத சீட்டை எவ்விதக் கேள்வியுமின்றித் திருப்பி வாங்க வேண்டும். திரும்பிய சீட்டின் இலக்கங்களைச் சீட்டிழுப்புக்கு முன் சபையில் வாசித்து விலக்கிவிட வேண்டும். இழுப்பு எல்லோர் கண்முன்னும் நடக்க வேண்டும். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, எத்தனை தகடு வாங்கினோம் என்ற கணக்கு ஒரு வாரத்துக்குள் பாடசாலைப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். கணக்குக் காட்டாத நிதிக்கு அடுத்த முறை ஜனங்கள் கை நீட்டமாட்டார்கள்.

நான்காவதே முக்கியமானது. சீட்டு விற்கப் போகிறவரின் பையில் ஒரு மனுவும் இருக்கட்டும். “எங்கள் பாடசாலையின் கூரையை அரசாங்கம் திருத்தித் தர வேண்டும்” என்று எழுதி, சீட்டு வாங்குகிறவரிடமும், வாங்க வசதியில்லாதவரிடமும் ஒப்பம் வாங்கட்டும். நூறு ரூபா இல்லாதவரிடமும் ஒரு கையெழுத்து உண்டு. அந்த மனுவைப் பெற்றோர் ஊர்வலமாகச் சென்று வலயக் கல்விக் கந்தோரில் கையளிக்கட்டும்.

சீட்டிழுப்பால் ஒரு வீட்டுக்குத் தையல் இயந்திரம் கிடைக்கும். கூரைக்குச் சில தகடுகள் கிடைக்கும். ஜனங்கள் ஒன்றுதிரண்டு கேட்டால் எல்லாப் பாடசாலைகளுக்கும் கூரை கிடைக்கும். இலவசக் கல்வி நமக்கு அதிர்ஷ்டத்தால் விழுந்த பரிசன்று. போராடிப் பெற்றது, போராடியே காக்க வேண்டியது.

பிள்ளையின் கையிலிருக்கும் சீட்டுப் புத்தகத்தைப் பெரியவர்கள் நாம் வாங்கிக்கொள்வோம். பிள்ளை படிக்கட்டும்!